பரோன் ஹூகோ வான் லாவிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டச்சுப் பிரபு குடும்பத்தில் பிறந்து, அமெரிக்க, பிரிட்டிஷ் தொலைக்காட்சிகளுக்காக ஆப்பிரிக்கக் காடுகளிலும் புல்வெளிகளிலும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் படம்பிடித்தவர் ஹூகோ வான் லாவிக். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குட்டாலின் பெயரை அறிந்தவர்களில் பலர், அவரை உலகத்துக்குக் காட்டிய கேமராவைப் பிடித்திருந்தவர் யார் என்று கேட்டதில்லை. கேட்டவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஹூகோ வான் லாவிக் எங்கே, எப்போது பிறந்தார்?

அவர் 1937 ஏப்ரல் 10 அன்று சுரபாயாவில் பிறந்தார். இன்று இந்தோனேசியாவின் துறைமுக நகரமாக இருக்கும் அந்த ஊர், அப்போது டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் என்ற காலனியைச் சேர்ந்திருந்தது. அவருடைய தந்தையும் பரோன் பட்டம் உடையவர்; டச்சுக் கடற்படையின் விமானப் பிரிவில் விமானியாக இருந்த அவர் 1941-இல் இறந்துபோனார். கணவரை இழந்த தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதலில் ஆஸ்திரேலியாவுக்கும், பின்னர் இங்கிலாந்துக்கும், இறுதியில் நெதர்லாந்துக்கும் சென்றார். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் விடுதிப் பள்ளியில் ஹூகோ படித்தார். பத்து வயதைக் கடக்கும் முன்பே மூன்று கண்டங்களைப் பார்த்துவிட்ட அந்தச் சிறுவனுக்கு எந்த ஊரும் சொந்த ஊராக நிலைக்கவில்லை. பின்னாளில் அவர் ஒரே இடத்தில் முப்பது ஆண்டுகள் கூடாரம் அடித்துத் தங்கியதை எண்ணும்போது இந்த இளமைக்காலமும் எனக்கு உடன் நினைவுக்கு வருகிறது.

பரோன் என்பது எத்தகைய பட்டம்? அதனால் அவருக்குச் செல்வமும் செல்வாக்கும் கிடைத்தனவா?

நெதர்லாந்தில் பிரபுக்களுக்கு இருந்த அரசியல் சிறப்புரிமைகள் 1848-ஆம் ஆண்டின் அரசியலமைப்போடு முடிந்துவிட்டன. அதன்பின் பட்டம் என்பது பெயருக்கு முன் நிற்கும் குடும்ப மரியாதை மட்டுமே. பதவியோ நிலமோ அதனோடு சேர்ந்து வருவதில்லை. கிழக்காப்பிரிக்காவுக்கு வந்தபோது ஹூகோ சம்பளத்துக்கு வேலை செய்த இளம் ஒளிப்பதிவாளர், அவ்வளவுதான். பிற்காலத்திலும் ஒவ்வொரு படத்துக்கும் பணம் தேடிக் கடிதம் எழுத வேண்டியவராகவே இருந்தார். பட்டத்தின் சுவடு அதிகமாகத் தென்பட்டது அவருடைய மனைவியின் பெயரில்தான்: திருமணத்துக்குப் பின் ஜேன் குட்டால் பரோனஸ் ஆனார், அந்த ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் ஜேன் வான் லாவிக்-குட்டால் என்றே பெயர் அச்சாகியிருக்கிறது.

அவர் ஆப்பிரிக்காவுக்கு எப்படி வந்தார்?

தொலைக்காட்சிதான் அவரை அங்கே கொண்டுவந்தது. 1950களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆர்மண்ட் டெனிஸும் அவருடைய மனைவி மிகேலாவும் பிபிசி தொலைக்காட்சியில் பெரும் புகழ் பெற்றிருந்தனர். நைரோபியின் புறநகரான லங்காட்டாவில் குடியிருந்துகொண்டு, ஆப்பிரிக்க விலங்குகளை வாரந்தோறும் பிரிட்டிஷ் வீடுகளின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்த அவர்களுக்குத் திறமையான ஒளிப்பதிவாளர்கள் தேவைப்பட்டனர். ராணுவச் சேவையை முடித்திருந்த ஹூகோ அந்த வேலையில் சேர்ந்தார்.

டெனிஸ் தம்பதியரின் நிகழ்ச்சிகளில் கணவனும் மனைவியும்தான் நாயகர்கள்; விலங்குகள் அவர்களைச் சுற்றி வருபவை. ஹூகோ பின்னாளில் எடுத்த படங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. எனினும் கேமராவையும் வண்டியையும் வெயிலையும் ஒருசேரச் சமாளிக்கும் பயிற்சியை அவர் பெற்றது அந்த வேலையில்தான். லங்காட்டாவில் கிடைத்த இன்னொரு பயன், நைரோபியில் வாழ்ந்த தொல்மானிடவியலாளர் லூயி லீக்கியின் அறிமுகம்.

கோம்பேவுக்கு அவரை அனுப்பியது யார்? ஏன்?

டாங்கனிகா ஏரிக்கரையில் உள்ள கோம்பே காட்டில் ஜேன் குட்டால் 1960 ஜூலையில் சிம்பன்சிகளைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார். அந்த ஆண்டின் பிற்பகுதியிலேயே இரண்டு பெரிய செய்திகள் கிடைத்துவிட்டன. சிம்பன்சிகள் இறைச்சி தின்கின்றன என்பது ஒன்று. புல்தண்டையும் இலை உருவிய குச்சியையும் கறையான் புற்றுக்குள் நுழைத்துக் கறையான்களைப் பிடித்துத் தின்கின்றன என்பது மற்றொன்று. கருவி செய்வது மனிதனுக்கு மட்டுமே உரிய திறமை என்று நம்பப்பட்டுவந்த காலத்தில், பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர் சொன்ன இந்தச் செய்தியை ஏற்க அறிஞர்கள் சிலர் தயங்கினர். படம் இருந்தால் ஐயத்துக்கு இடம் குறையும். ஆய்வுக்குப் பணம் கொடுத்த நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கத்துக்கும் தன் இதழுக்காகவும் சொற்பொழிவுகளுக்காகவும் படங்கள் வேண்டியிருந்தன.

ஆனால் புதியவர் ஒருவர் காட்டுக்குள் வந்தால், அரும்பாடுபட்டு ஈட்டிய சிம்பன்சிகளின் நம்பிக்கை கெட்டுவிடும் என்று ஜேன் அஞ்சினார். அதனால் 1961-இல் அவருடைய தங்கை ஜூடியே கேமராவுடன் வரவழைக்கப்பட்டார். அந்த முயற்சி போதிய பலன் தரவில்லை. அதன்பின் லீக்கி தாம் அறிந்த டச்சு இளைஞரைப் பரிந்துரைக்க, 1962 ஆகஸ்டில் ஹூகோ கோம்பே வந்து சேர்ந்தார்.

மனிதர்களிடம் முதலில் நெருங்கிவந்த சிம்பன்சி, டேவிட் கிரேபியர்ட் என்று ஜேன் பெயரிட்டிருந்த வெண்தாடி ஆண். ஹூகோ வந்த சில நாளிலேயே அது முகாமுக்கு வந்து, கூடாரத்தின் துணியை விலக்கி, உள்ளே இருந்தவரைப் பார்த்துவிட்டு, மறுபடியும் வாழைப்பழம் தின்னத் திரும்பிவிட்டது என்று ஜேன் எழுதியிருக்கிறார். அதன்பின் மற்றவையும் மெல்ல மெல்ல அந்தப் புதியவரைப் பொறுத்துக்கொண்டன.

அன்றைய கேமராக்களைக் கொண்டு காட்டில் படம்பிடிப்பது எப்படி இருந்தது?

இதைப் புரிந்துகொண்டால்தான் அவருடைய உழைப்பின் அளவு தெரியும். அவர் பயன்படுத்தியது 16 மில்லிமீட்டர் ஃபிலிம். நூறு அடி நீளமுள்ள ஒரு சுருள், நொடிக்கு 24 படச்சட்டங்கள் என்ற வேகத்தில் ஓடினால் மூன்று நிமிடம்கூட வராது. நானூறு அடிச் சுருளே பதினோரு நிமிடந்தான். ஆகவே விலங்கு ஏதேனும் செய்யும் என்று கேமராவை ஓடவிட்டுக் காத்திருக்க இயலாது. அது செய்யப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, அது செய்வதற்கு அரை நொடி முன்னதாகப் பொத்தானை அழுத்த வேண்டும். மாதக்கணக்காக அந்த விலங்கையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் அது கைகூடும்.

கோம்பேயில் சாலை கிடையாது. கிகோமா நகரிலிருந்து படகில் வர வேண்டும். செங்குத்தான பள்ளத்தாக்குகளில் கேமராவையும் முக்காலியையும் லென்ஸ்களையும் சுமந்து ஏற வேண்டும். மரக்கூடலின் கீழ் வெளிச்சம் குறைவு. சிம்பன்சியின் மேனியோ கறுப்பு. முகத்துக்கு ஒளியைச் சரிசெய்தால் பின்னணி வெளுத்துப்போகும். பின்னணிக்குச் சரிசெய்தால் முகம் இருளில் மறையும். எடுத்த சுருளை அங்கேயே கழுவிப் பார்க்கவும் வழியில்லை. அது கடல்கடந்து போய், கழுவப்பட்டு, அதைப் பற்றிய கடிதம் திரும்பிவரும்வரை, பதிவானது என்ன என்பதே ஒளிப்பதிவாளருக்குத் தெரியாது. ஒலிப்பதிவு பெரும்பாலும் இல்லை. படம் ஊமையாகவே எடுக்கப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில், ஒரு தாய் தன் குட்டியின் கையைப் பற்றியிருக்கும் விதத்தையும், பெரிய ஆண் கோபம் தணிந்து சிறியதைத் தொட்டு ஆறுதல் சொல்வதையும் அவர் தெளிவாகப் பதிவுசெய்தார். குட்டிச் சிம்பன்சி ஃபிளின்ட் ஜேனை நோக்கிக் கை நீட்டுவதும் ஜேன் தம் கையை மெல்ல நீட்டுவதுமாக உலகமெங்கும் அச்சிடப்பட்ட அந்தப் புகைப்படமும் ஹூகோ எடுத்ததே.

அவருடைய வேலை முதலில் எப்போது தொலைக்காட்சியில் வந்தது?

1965 டிசம்பரில், அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில், நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கத்தின் சிறப்பு நிகழ்ச்சியாக "மிஸ் குட்டால் அண்ட் த வைல்ட் சிம்பன்சீஸ்" ஒளிபரப்பாயிற்று. வர்ணனைக் குரல் ஆர்சன் வெல்ஸுடையது. ஹூகோவின் புகைப்படங்களோடு ஜேன் எழுதிய முதல் கட்டுரை 1963 ஆகஸ்டிலேயே அச்சு இதழில் வந்திருந்தாலும், ஜேனின் முகத்தைப் பெருந்திரளான மக்கள் மனத்தில் பதித்தது இந்தத் தொலைக்காட்சிப் படந்தான். தலைப்பில் "மிஸ் குட்டால்" என்று இருக்கிறது. படம் வெளிவந்தபோதோ அவருக்கும் அதை எடுத்தவருக்கும் திருமணமாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

சிம்பன்சிகளுக்கு வாழைப்பழம் கொடுத்துப் படமெடுத்தது சரியா?

இந்தக் கேள்வியை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். முகாமுக்குத் தானாக வந்து பழம் எடுத்த டேவிட் கிரேபியர்டில் தொடங்கியது, நாளடைவில் முறையான உணவிடமாக வளர்ந்தது. இதனால் அருகிலிருந்து கவனிக்கவும் படமெடுக்கவும் முடிந்தது. ஒவ்வொரு சிம்பன்சியையும் முகம் பார்த்து அடையாளம் காண முடிந்தது. ஆனால் இயல்பாகச் சிதறி மேயும் விலங்குகள் ஒரே இடத்தில் பெருங்கூட்டமாகத் திரண்டதால் சண்டைகள் மிகுந்தன; பழத்துக்காகப் பபூன் குரங்குகளும் வந்து மோதின. இதை ஜேன் தாமே பின்னர் எழுதியிருக்கிறார். உணவிடும் முறை கட்டுப்படுத்தப்பட்டு, இறுதியில் கைவிடப்பட்டது.

1966-இல் இன்னும் கடுமையான சோதனை வந்தது. இளம்பிள்ளைவாதம் போன்ற கொள்ளைநோய் சிம்பன்சிகளிடையே பரவியபோது, வாழைப்பழத்துக்குள் தடுப்புமருந்து வைத்துக் கொடுத்தார்கள். கால்கள் இரண்டும் செயலிழந்து தரையில் இழுத்துக்கொண்டு திரிந்த மிஸ்டர் மெக்ரெகர் என்ற முதிய ஆணின் துன்பத்தைப் பொறுக்க முடியாமல் அதைச் சுட்டுக் கொல்லவும் நேர்ந்தது. பார்வையாளராக மட்டும் இருப்போம் என்று சொல்வது எளிது; பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் பழகிய உயிர் கண்ணெதிரே நலியும்போது அந்த விதியைக் காப்பது எளிதல்ல. அவர்கள் செய்தது அனைத்தும் சரி என்று நான் வாதிடவில்லை. அன்று அவர்களுக்கு முன்னால் நடந்த தடம் எதுவும் இல்லை என்பதையும், இன்றைய ஆய்வாளர்கள் உணவிடாமலும் நோய் பரவாதபடி இடைவெளி விட்டும் பின்தொடரக் கற்றது இந்த அனுபவங்களிலிருந்துதான் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஜேன் குட்டாலோடு திருமணம் எப்படி நடந்தது, ஏன் முறிந்தது?

1963-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு ஜேன் இங்கிலாந்தில் இருந்தபோது, மணந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டு ஹூகோ தந்தி அனுப்பினார். 1964 மார்ச் 28 அன்று லண்டன் செல்சியில் திருமணம் நடந்தது. திருமண கேக்கின் உச்சியில் டேவிட் கிரேபியர்டின் களிமண் உருவம் இருந்தது. ஃபுளோ என்ற முதிய பெண் சிம்பன்சி குட்டி ஈன்றிருந்த செய்தி எட்டியதும் தேனிலவைச் சுருக்கிக்கொண்டு இருவரும் கோம்பேவுக்கு விரைந்தனர். அந்தக் குட்டிதான் மேலே சொன்ன ஃபிளின்ட்.

1967-இல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். சிம்பன்சிகள் சிறு குழந்தையை இரையாகக் கருதக்கூடும் என்பதால், கோம்பேயில் குழந்தைக்காகக் கம்பித் தடுப்பிட்ட பாதுகாப்பிடம் அமைக்க வேண்டியிருந்தது. மணமுறிவு 1974-இல் ஏற்பட்டது. கோம்பேயில் படமெடுக்க ஹூகோவுக்குக் கிடைத்துவந்த நிதி நின்றபின் அவருடைய வாழ்வு செரெங்கெட்டிப் புல்வெளியில் வேரூன்றியது. ஜேனால் கோம்பேயை விட இயலவில்லை. நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் இரண்டு முழுநேர உழைப்புகள். அவை இரண்டையும் ஒரு குடும்பத்தால் தாங்க முடியவில்லை. ஆயினும் நட்பு முறியவில்லை. 1988-இல் வந்த "பீப்பிள் ஆஃப் த ஃபாரஸ்ட்" என்ற படத்துக்காக, ஃபுளோவின் குடும்பத்தைப் பற்றி இருபது ஆண்டுகளாக எடுத்த காட்சிகளைக் கோத்துத் தந்தவர் ஹூகோதான்.

செரெங்கெட்டியில் அவர் செய்த சிறந்த வேலை எது?

என் மதிப்பில், மக்கள் வெறுத்த விலங்குகளைப் பற்றி அவர் செய்த வேலையே மிகச் சிறந்தது. சிங்கத்தையும் யானையையும் படமெடுக்க அப்போதே பலர் இருந்தனர். கழுதைப்புலி, குள்ளநரி, ஆப்பிரிக்கக் காட்டுநாய் ஆகியவற்றின் குடும்ப வாழ்வை ஹூகோவும் ஜேனும் ஒங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்திலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் பின்தொடர்ந்து, 1970-இல் "இன்னசென்ட் கில்லர்ஸ்" என்ற நூலாக வெளியிட்டனர். கழுதைப்புலி பிணந்தின்னி என்பதுதான் அதுவரை பொதுக் கருத்து. அது இரவில் கூட்டமாக வேட்டையாடுவதையும், சிங்கம் வந்து அதன் இரையைப் பறிப்பதையும் அதே பள்ளத்தில் ஹான்ஸ் குருக் என்ற டச்சு விலங்கியலாளர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி நிறுவிய அதே உண்மையைக் கேமரா வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது.

காட்டுநாய்களின் நிலை இன்னும் மோசம். இரையை உயிரோடு கிழிக்கும் கொடிய விலங்கு என்று சொல்லி, காப்பகங்களுக்குள்ளேயே அவற்றைச் சுட்டுத் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. கூட்டத்தின் தலைமைப் பெண்நாய், கீழ்நிலைப் பெண்நாயின் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கொன்றுவிட, மிஞ்சிய ஒரே குட்டியின் போராட்டத்தை ஹூகோ பின்தொடர்ந்தார். அது "சோலோ" என்ற நூலாகவும், 1973-இல் அமெரிக்க ஏபிசி தொலைக்காட்சியில் வந்த காட்டுநாய்ப் படமாகவும் உருவெடுத்தது. அந்தப் படம் கொடுமையை மறைக்கவில்லை. வேட்டையிலிருந்து திரும்பிய நாய்கள் குட்டிகளுக்கும் காவலிருந்த நாய்களுக்கும் இறைச்சியைக் கக்கி ஊட்டும் பரிவையும் அதே நேர்மையோடு காட்டியது. 1990களின் தொடக்கத்தில் செரெங்கெட்டிச் சமவெளியிலிருந்து காட்டுநாய்கள் மறைந்தே போயின. பின்னர்தான் மீண்டும் கொண்டுவரப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் அவற்றின் அன்றாட வாழ்வுக்குச் சாட்சியாக நின்றவற்றுள் ஹூகோவின் படச்சுருள்கள் முக்கியமானவை.

மஞ்சள்முகப் பாறு கல்லெறிந்து முட்டை உடைப்பதை இவர்தாம் கண்டாரா?

ஹூகோவும் ஜேனும் சேர்ந்தே கண்டார்கள். புல்வெளித் தீயால் தீக்கோழிகள் விட்டுப்போன கூட்டருகே பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் திரண்டிருந்தன. பெரிய கழுகினங்கள் அந்தத் தடித்த ஓட்டை உடைக்க முடியாமல் விலக, சிறிய மஞ்சள்முகப் பாறு அலகில் கல்லைக் கவ்வி, தலையை உயர்த்தி, முட்டையின்மேல் மீண்டும் மீண்டும் எறிந்து உடைத்தது. இதைப் பற்றி இருவரும் எழுதிய குறிப்பு 1966-இல் "நேச்சர்" ஆய்விதழில் வெளிவந்தது. திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் உச்சிவேளைப் படையலை உண்ண வந்துகொண்டிருந்த வெண்ணிறக் கழுகுகளும் இதே இனந்தான் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. நம் மண்ணிலும் அந்தப் பறவை இன்று அருகிவிட்டது.

உண்மையிலேயே அவர் முப்பது ஆண்டுகள் கூடாரத்தில் வாழ்ந்தாரா?

ஆம். செரெங்கெட்டியின் தென் எல்லையில் உள்ள உப்பு ஏரியான ந்டூட்டுவின் அருகே, வேலமரங்களின் கீழ் அவருடைய முகாம் இருந்தது. இடத்தேர்வு மிகக் கவனமானது. மழைக்குப் பின் ஆண்டின் தொடக்க மாதங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் குட்டி ஈனத் திரளும் குறும்புல் சமவெளி அதன் வாசலிலேயே இருக்கிறது. அவற்றைத் தேடி வேட்டை விலங்குகள் தாமாகவே வந்துசேரும். விலங்கைத் துரத்திக்கொண்டு போகாமல், அது வரும் இடத்தில் குடியேறிவிடுவது அவருடைய வழி. முகாமுக்கு வந்து தொழில் கற்றுக்கொண்ட இளம் ஒளிப்பதிவாளர்கள் பின்னர் சொந்தமாகப் படமெடுத்தனர்.

அவருக்குக் கிடைத்த விருதுகள் என்ன?

அமெரிக்கத் தொலைக்காட்சிப் படைப்புகளுக்கு வழங்கப்படும் எம்மி விருதுகள் எட்டு அவருடைய படங்களுக்குக் கிடைத்ததாகக் குறிப்பிடப்படுகிறது. நெதர்லாந்தின் பொற்பேழை விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. இயற்கைப் பாதுகாப்புக்கு உழைத்தவர்களுக்கு இளவரசர் பெர்ன்ஹார்ட் நிறுவிய சிறப்பு அது.

இத்தனை செய்தவரின் பெயர் ஏன் பரவலாகத் தெரியவில்லை?

அவர் கேமராவுக்கு முன்னால் வந்து நின்று பேசும் நிகழ்ச்சியாளர் அல்லர் என்பது முதற்காரணம். தொலைக்காட்சி முகத்தையும் குரலையும் நினைவில் வைக்கிறது. வர்ணனைக்குப் புகழ்பெற்ற நடிகரின் குரல், திரையில் ஜேனின் முகம், முடிவில் ஓடிமறையும் எழுத்துகளில் ஹூகோவின் பெயர். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. ஒரு விலங்கினத்தைப் பொதுவாகக் காட்டாமல், பெயருள்ள ஒரு தாயையும் அவள் பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சென்று அவர்களுடைய வாழ்க்கைக் கதையைச் சொல்லும் முறையை இன்றைய இயற்கைப் படங்கள் இயல்பாகக் கையாளுகின்றன. அந்த முறையை நிலைநிறுத்தியவர்களில் முன்வரிசையில் வைக்க வேண்டியவர் ஹூகோ. ஜேனின் புகழைக் குறைத்து இதைச் சொல்லவில்லை. கவனித்து எழுதிய அவர் பணியும், கவனித்துப் படமெடுத்த இவர் பணியும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை.

அவருடைய இறுதிக்காலம் எப்படி இருந்தது?

புகைபிடிக்கும் வழக்கமுடைய அவரை எம்பைசீமா என்ற நுரையீரல் நோய் பற்றியது. மூச்சு வாங்கியதால் 1998-இல் முகாமை விட்டு, தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகருக்குப் போக நேர்ந்தது. 2002 ஜூன் 2 அன்று, 65-ஆம் வயதில் அங்கே காலமானார். அவருடைய உடல் ந்டூட்டு முகாம் இருந்த இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இன்று அவருடைய வேலையைப் பார்க்க விரும்புவோர் எதிலிருந்து தொடங்கலாம்?

2017-இல் பிரெட் மார்கன் இயக்கிய "ஜேன்" ஆவணப்படம் எளிதில் கிடைப்பது. 1960களில் ஹூகோ எடுத்து, பயன்படுத்தப்படாமல் காப்பகத்தில் கிடந்து, பின்னர் கண்டெடுக்கப்பட்ட நூறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட காட்சிகளைக் கொண்டு அது தொகுக்கப்பட்டது. அந்தச் சுருள்களில் ஒலி இல்லாததால் காட்டின் ஓசைகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. இசை ஃபிலிப் கிளாஸ் அமைத்தது. ஆனால் அது வேறொருவர் தொகுத்த படம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஹூகோவின் சொந்தப் பார்வையை அறிய, ஒரு சிறுத்தைக்குட்டி தாயை விட்டுப் பிரிந்து தனியே வாழக் கற்றுக்கொள்வதைச் சொல்லும் "த லெப்பர்ட் சன்" படத்தைப் பார்க்கலாம். டிஸ்கவரி நிறுவனம் 1996-இல் திரையரங்குகளுக்காக வெளியிட்ட அந்தப் படத்தில் ஜான் கீல்குட்டின் குரல் ஒலிக்கிறது. நேரமிருப்பவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, "சோலோ" நூலின் புகைப்படங்களையும் தேடிப் பார்க்க வேண்டும்; அவருடைய கண் எவ்வளவு பொறுமையானது என்பதை அசையாப் படங்களில்தான் நிதானமாகக் காண முடிகிறது.